பாதிப் புத்தகத்தோடு வாருங்கள்: எங்கள் வாசிப்பு ஞாயிறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்து முன்பள்ளி அறையில், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பின்னேரம் நாங்கள் கூடுகிறோம். ஆளுக்கொரு புத்தகம் கொண்டுவருவோம். வாசித்து முடித்த புத்தகத்தை யாரும் கொண்டுவருவதில்லை. வாசித்துக்கொண்டிருக்கும் புத்தகம்தான் வரும். அதைப் பற்றி நினைப்பதைச் சொல்வோம், கேட்போம், வாதாடுவோம், சாயத்தண்ணி குடித்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புவோம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். நான் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கருத்துகள் என்னுடையவை, வட்டத்தில் சிலருக்கு வேறு கருத்தும் உண்டு.

முழுசா வாசிக்காத புத்தகத்தைப் பற்றி எப்படிக் கருத்துச் சொல்வது, டீச்சர்?

இந்தப் பயத்தை உங்களுக்குத் தந்தது பள்ளிக்கூடம். கதைச் சுருக்கம் எழுதுக, ஆசிரியர் கூறவரும் கருத்து யாது, பாத்திரப் படைப்பை விளக்குக என்று கேட்டே பழக்கிவிட்டோம். நானும் அப்படித்தான் படிப்பித்தேன். முடித்தவனுக்குத்தான் வாய் திறக்க உரிமை என்று பிள்ளைகள் மனதில் பதிந்துபோனது. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

ஆனால் எங்கள் லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், வாசிப்பு அப்படி நடக்கவில்லை. என் அம்மாயி வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. குப்பி லாம்பைச் சுவரோரம் வைத்துவிட்டுச் சித்தப்பா ஒருவர் பெரிய எழுத்து ‘அல்லி அரசாணி மாலை’யை ராகம் போட்டு வாசிப்பார். வாசிக்கிறவர் ஒருவர், கேட்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர். ஒரு இரவு, அல்லியை அடைய முடியாத அருச்சுனன் பாம்பாக உருமாறி உள்ளே போய், அவள் தூங்கும்போது தாலி கட்டும் இடம் வந்தது. மூலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்த பெரியம்மா எழுந்தே விட்டார். “நிப்பாட்டு, நிப்பாட்டு! தூங்குற பொம்பளைக்குத் தாலி கட்டுறது என்னா ஆம்பளத்தனம்?” ஆம்பிளைகள் சிலர் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. அம்மாயியும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். சித்தப்பா புத்தகத்தை மடித்து வைத்துவிட்டார். அன்றைக்கு அதற்கு மேல் கதை நகரவில்லை. மறுநாள் மலையிலும் அதே பேச்சு. கொழுந்து நிறுக்கிற இடத்தில்கூட, “அல்லி என்னாத்த செஞ்சிருக்கணும்?” என்று அம்மாவிடம் யாரோ கேட்டார்களாம்.

பிறகு கதை முடிந்தது, எல்லாம் சுபம் என்று ஆனது. கதை முடிந்த இரவில் பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டியதை நடுக்கதையில் சொல்லிவிட்டார். அன்றே சொல்லியிராவிட்டால் அந்தக் கோபம் சுபத்தில் கரைந்துபோயிருக்கும்; எனக்கும் அது கிடைத்திருக்காது. முடிவு தெரிந்த பிறகு நாம் புத்தகத்தோடு சமாதானமாகி விடுகிறோம். நடுவில் நிற்கும்போதுதான் உண்மையில் என்ன நினைக்கிறோம் என்பது வெளியே வரும். அதனால்தான் பாதிப் புத்தகத்தோடு வாருங்கள் என்கிறேன்.

சரி, என்ன சொல்ல வேண்டும்? ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா?

ஒரே ஒரு விதி: வாய் திறந்ததும் பக்க எண். “நான் 58ல நிக்கிறேன்” என்று தொடங்குங்கள். கேட்கிறவர்களுக்கு உங்கள் கருத்தை எங்கே வைத்துப் பார்ப்பது என்று அதிலேயே தெரிந்துவிடும். 58ஆம் பக்கத்தில் ஒருவர் “இந்தத் தகப்பன் நல்ல மனுசன்” என்றால் அது பிழையல்ல. 58ஆம் பக்கம் வரைக்கும் அவர் நல்ல மனிதர்தான்.

பிறகு உங்களை நிறுத்திய ஒரு இடத்தைச் சத்தமாக வாசியுங்கள். அரைப் பக்கம் போதும். “நல்லா இருக்கு, டீச்சர்” என்று சொல்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது, எந்த இடம் என்பதைத்தான். இடத்தைக் காட்டினால் மற்றதெல்லாம் தானாக வரும். ஒரு முறை, மருந்துக் கடையில் வேலை செய்யும் தம்பி ஒரு நாவலைப் பற்றி “போர் அடிக்குது” என்றார். எந்த இடம் என்று கேட்டோம். ஒரு சாவு வீட்டைப் பற்றி ஐந்து பக்கம் எழுதியிருந்த இடத்தைக் காட்டினார். வாசிக்கச் சொன்னோம். வாசித்துக்கொண்டே போனவருக்கு மூன்றாவது பக்கத்தில் குரல் மாறிவிட்டது. அந்த வருடம்தான் அவருடைய அப்பா காலமாகியிருந்தார். போர் அடிக்கவில்லை, தாங்க முடியவில்லை என்பது அவருக்கே அப்போதுதான் விளங்கியது.

இனி என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவையுங்கள். அடுத்த மாதம் அதை வைத்துப் பேசலாம்.

முன்னாலேயே வாசித்தவர்கள் முடிவைச் சொல்லிவிட்டால்?

சொல்லக் கூடாது. பக்க எண்ணைக் கேட்ட பிறகு அதைத் தாண்டிப் பேசுவது மரியாதையில்லை. முடித்தவர்கள் கேள்வி கேட்கலாம், தலையாட்டலாம், “வாசிங்க, வாசிங்க” என்று சொல்லலாம்.

போன மாதம் ஒன்று சொன்னேன். இப்போது எனக்கே அது பிழை என்று படுகிறது. எப்படிச் சொல்வது?

சந்தோஷமாகச் சொல்லுங்கள். எங்கள் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம், “போன மாசம் நான் சொன்னது இப்ப சரியாப் படல” என்பதுதான்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வந்த நாவல். தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தவர்களின் கதை. முதல் தடவை வாசிக்கத் தொடங்கியபோது அந்தத் தலைப்பு எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பஞ்சத்தில் கிடந்தவர்களுக்கு அக்கரையில் தெரிந்த பச்சை, தேயிலைத் தூரில் மாசிக் கருவாடும் தேங்காயும் விளையும் என்று ஆள் சேர்க்க வந்த கங்காணிமார் சொன்ன பொய், தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. அவ்வளவுதான் என்று கூட்டத்திலும் அடித்துச் சொன்னேன். பாதியைத் தாண்டிய பிறகு அந்தத் தலைப்பு எனக்குள் வேறு பக்கம் திரும்பியது. இங்கே வேர் விட்டுவிட்டவர்களுக்கு இப்போது தூரத்தில் இருப்பது எது? விட்டு வந்த ஊரா? ஒருநாளும் சொந்தமாகாத இந்தப் பச்சையா? அடுத்த மாதம் போய், நான் சொன்னது பாதிதான் என்றேன். மூத்தவர் ஒருவர், “டீச்சரே மாத்திச் சொல்றாங்க, அப்ப நாமளும் சொல்லலாம்” என்றார். அன்றிலிருந்துதான் எல்லோரும் தயக்கமில்லாமல் பேசத் தொடங்கினார்கள்.

அதனால் ஒரு கொப்பியில் திகதி, பக்க எண், நினைத்தது என்று மூன்று வரி எழுதி வையுங்கள். இரவல் புத்தகத்தில் மட்டும் பென்சிலாலும் கோடு போடாதீர்கள்.

நம்ம வாழ்க்கையைப் பற்றிய புத்தகம். வாசிக்கும்போது “எங்க தோட்டத்துல இப்படி இல்லையே” என்று தோன்றுகிறது. இதெல்லாம் ஒரு கருத்தா?

இது கருத்து மட்டுமல்ல. இதைச் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை.

சி. வி. வேலுப்பிள்ளையின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1914இல் பூண்டுலோயா மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர். தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய நெடுங்கவிதையை ஆங்கிலத்தில் எழுதினார். சக்தீ பால ஐயா அதைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கினார். விடியலைத் தப்பொலியோடு சேர்த்துச் சொல்லும் இடம் அதில் உண்டு. ஒரு ஞாயிறு, பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவர் அந்த இடத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறி வாசித்து, எவ்வளவு அழகான விடியல் என்று ரசித்துச் சொன்னார். கதவோரம் உட்கார்ந்திருந்த பாட்டி கையைத் தூக்கினார்.

“அழகுதான் தம்பி. ஆனா எங்க தாத்தா சொல்லுவாரு, தப்புச் சத்தம் கேட்டா வயித்தக் கலக்குமாம். பெரட்டுக்குப் பிந்திப் போனா அன்னைக்குப் பேரு இல்ல. எங்க காலத்துல சங்கு ஊதுனாங்க. அதுவும் அப்படித்தான். இன்னைக்கும் எங்கனயாச்சும் சங்குச் சத்தம் கேட்டா எந்திரிச்சி உக்காந்துருவேன்.”

பெரட்டு என்றால் காலையில் ஆளெடுத்து வேலை பிரிக்கிற இடம்; பேரு என்றால் அன்றைய நாட்சம்பளம். தம்பி ஒன்றும் பேசாமல் அந்த வரிகளை மறுபடி வாசித்தார். இந்தத் தடவை வேகம் குறைந்திருந்தது. எல்லோருக்கும் அந்த விடியலில் நடுக்கம் கேட்டது. அது கவிதையில் முன்பிருந்தே இருந்ததுதான். பாட்டி சொன்ன பிறகுதான் எங்களுக்குக் கேட்டது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. “எங்க தோட்டத்துல இப்படி இல்ல” என்பதோடு “அதனால இந்த எழுத்தாளர் பொய் எழுதிட்டாரு” என்பதைச் சேர்க்காதீர்கள். மேல்கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமும் மாத்தளைப் பக்கத்து ரப்பர் தோட்டமும் ஒன்றல்ல. ஒரே தோட்டத்தின் பிரிவுகளான மேற்கணக்கும் கீழ்க்கணக்கும்கூட ஒன்றல்ல. உங்கள் தோட்டத்தில் எப்படி என்று சொல்லுங்கள். புத்தகம் அதன் இடத்தில் இருக்கட்டும்.

தூரத்தில் இருந்து எழுதியவர்களையும் இதே பொறுமையோடு வாசிக்க வேண்டும். புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய ‘துன்பக்கேணி’யில் மருதி என்ற பெண் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறாள். அதில் தோட்டத்து விபரம் ஒவ்வொன்றும் சரியா என்று தேடினால் கதை கையைவிட்டுப் போய்விடும். அவள் படும் பாடு சரியா என்று பார்த்தால் வேறு பேச்சு வரும்.

தோட்டத்துச் சொற்கள் பல விளங்கவில்லை. கேட்டால் வெட்கம்.

கொந்தரப்பு என்றால் என்ன என்று பாடசாலைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். கூட்டத்தில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வந்தார்கள். நாட்சம்பளத்துக்கு இல்லாமல், இவ்வளவு வேலைக்கு இவ்வளவு காசு என்று பேசி எடுப்பது. கைக்காசு, அரைப்பேர், கவ்வாத்து, படங்கு என்று அன்றைக்கு முழுக்கச் சொற்களிலேயே போனது. கேளுங்கள். இந்தச் சொற்களைத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

எழுதினவர் நம்ம ஊர்க்காரர். புத்தகம் பிடிக்கவில்லை. எப்படிச் சொல்வது?

இதுதான் மிகவும் கஷ்டமானது, இதைச் சுலபமாக்க எனக்கு வழி தெரியாது.

மலையகத்தில் ஒருவர் புத்தகம் போடுவது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். கைக்காசைப் போட்டு, சில நேரம் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, சில நூறு பிரதிகள் அச்சடிப்பார். வெளியீட்டு விழாவில் மாலை, பொன்னாடை, ஏழெட்டுப் பேச்சு. பேசுகிறவர்களில் பாதிப் பேர் புத்தகத்தைத் திறந்திருக்க மாட்டார்கள். பிறகு மிஞ்சிய பிரதிகள் வீட்டுக் கட்டிலுக்கடியில் பெட்டிகளாகக் கிடக்கும். அந்த மனிதர் நாளைக்கு பஸ்ஸில் எதிரே நிற்பார். அவரிடம் “இது சரியில்லை” என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பொன்னாடை போட்டவர்கள் அவரை வாசிக்கவில்லை. “46ஆம் பக்கத்துல அந்தப் பொண்ணு பேசுறது நம்ம பொண்ணு பேசுற மாதிரி இல்லண்ணே, மேடைப் பேச்சு மாதிரி இருக்கு” என்று சொல்கிறவர்தான் அவரை வாசித்தவர். எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு கவிஞரிடம் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் கிட்டத்தட்ட இப்படித்தான் சொன்னார். அவர் முகம் சுருங்கியது. எனக்கு நெஞ்சு படபடத்தது. போகும்போது, “எம் புத்தகத்துல பக்க நம்பர் சொல்லிப் பேசுன மொத ஆளு நீங்கதான் தங்கச்சி” என்றார்.

புத்தகத்தைப் பற்றிப் பேசுங்கள். எழுதியவரின் குடும்பம், சாதி, எந்தச் சங்கத்துக்காரர், யாரிடம் காசு வாங்கினார் என்ற பேச்சு எடுத்தால் நான் நிறுத்துவேன். நிறுத்தியும் இருக்கிறேன். தொழிற்சங்க வரலாற்றைப் பேசும் புத்தகங்களில் இது உடனே தலைதூக்கும். நமக்கெல்லாம் வீட்டுக்கு ஒரு சங்கம் உண்டு. புத்தகம் சங்கத்தைப் பற்றி என்ன சொல்கிறது, அது உண்மை போல் படுகிறதா என்ற அளவில் சூடாகவே பேசுங்கள்.

எங்கள் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கூட்டிக்கொண்டு வரலாமா?

கட்டாயம். தாலி கட்டுகிற இடத்தில் எழுந்து நின்ற என் பெரியம்மாவுக்கும் வாசிக்கத் தெரியாது. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மாளும் தோட்டத் தொழிலாளரைத் திரட்டிய காலத்தில், மீனாட்சி அம்மாள் பாட்டெழுதிக் கூட்டங்களில் பாடினார். எழுத்துத் தெரியாதவர்களிடம் அந்தப் பாட்டுகள் காது வழியாகப் போய்ச் சேர்ந்தன. காதால் வாசித்தவர்கள் நாம்.

வீட்டில் தினம் இரண்டு பக்கம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் எங்கே நிறுத்தச் சொல்கிறார் என்று கவனியுங்கள். வரும்போது பக்க எண்ணை நீங்கள் சொல்லுங்கள், கருத்தை அவர் சொல்லட்டும். இடையில் புகுந்து “அம்மா சொல்ல வர்றது என்னன்னா” என்று விளக்கம் கொடுக்காதீர்கள்.

தமிழ்ப் புத்தகம் மட்டும்தானா?

எந்த மொழியும் சரி, பேச்சு தமிழில். சிங்களப் பாடசாலைக்குப் போகும் பையன் ஒருவன் மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய ‘மடோல் தூவ’வைக் கொண்டுவந்தான். உபாலியும் ஜின்னாவும் வீட்டை விட்டு ஓடிப்போய்த் தீவில் குடியேறும் கதை. “இவங்களுக்கு ஓடிப்போறதுக்கு ஒரு தீவு இருக்கு, நமக்கு?” என்று கேட்டான். அவனுக்குப் பதின்மூன்று வயது. அந்தக் கேள்விக்கு அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை.

புத்தகம் எங்கே கிடைக்கும்? விலை கட்டுப்படியாகவில்லை.

நகர சபை, பிரதேச சபை நூலகங்களில் அங்கத்தவராகுங்கள். கேட்கிறவர்கள் இருந்தால்தான் தமிழ்ப் புத்தகங்கள் வாங்குவார்கள். ஆகவே கேட்டுக்கொண்டே இருங்கள். கையில் போன் இருந்தால் நூலகம் திட்டத்தின் எண்ணிம நூலகத்தைப் பாருங்கள். 2005இல் தொடங்கியது. அச்சில் இல்லாத பழைய ஈழத்து, மலையக நூல்களும் சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. சிக்னல் உள்ள இடத்தில் இறக்கிக்கொண்டு வீட்டில் வாசிக்கலாம். எங்களிடம் ஒரு பெட்டி நிறைய இரவல் புத்தகங்களும் உண்டு.

இரவல் வாங்கினால் ஈரத்தைக் கவனியுங்கள். ஆனி, ஆடியில் இங்கே சுவரே வேர்க்கும். ஒரு வாரம் சுவரோரம் வைத்த புத்தகத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். அடுப்பங்கரைப் பக்கம் உயரமான தட்டில், பத்திரிகைத் தாளில் சுற்றி வையுங்கள். வெயில் வந்தால் அரை மணி நேரம் விரித்து வையுங்கள், நேர் வெயிலில் வேண்டாம்.

பாதியில் நிறுத்திவிட்டேன், தொடர மனமில்லை.

எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்று வந்து சொல்லுங்கள். அதுவும் கருத்துதான்.

நீங்கள் இப்போது என்ன வாசிக்கிறீர்கள், டீச்சர்?

சி. வி.யின் ‘நாடற்றவர் கதை’. 41ஆம் பக்கத்தில் நிற்கிறேன். மூன்று வாரமாக அதே பக்கம்தான்.

1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனதையும், 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் பிரித்ததையும் நான் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எண்களைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைக் கொப்பியில் எழுதச் சொல்லியிருக்கிறேன். இப்போது தனியே வாசிக்கும்போது அந்த 5,25,000க்குள் எங்கள் பெரியம்மா இருக்கிறார். நிறுத்தச் சொல்லி எழுந்து நின்ற அதே பெரியம்மா. தலைமன்னாருக்குப் போகிற ரயிலை எங்கள் ஆட்கள் அழுகைக் கோச்சி என்று சொல்வார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த கையை அம்மா விடவே இல்லை. ரயில் நகர்ந்த பிறகுதான் விட்டார். பெரியம்மா நீலகிரிப் பக்கம் போனார். அங்கேயும் தேயிலைதான்.

இந்தப் புத்தகம் எப்படி என்று கேட்டால், இப்போதைக்கு எனக்குக் கோபமாக இருக்கிறது. இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு அமைதியாக எழுத வேண்டுமா என்று நினைக்கிறேன். இது 41ஆம் பக்கத்துக் கருத்து. அடுத்த ஞாயிறு வரைக்கும் இன்னும் இருபது பக்கமாவது நகர்ந்துவிட வேண்டும் என்று இருக்கிறேன். நீங்கள் இதே புத்தகத்தை முடித்தவராக இருந்தால், தயவுசெய்து ஒன்றும் சொல்லாமல் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.